சினிமா அறைக்குக் குறைந்த செலவில் பெரிய டிவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: படம் பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருக்கிறீர்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாயிற்று. சோபாவில் உட்கார்ந்தால் டிவி சுவர் ஒன்பது அடி தூரத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு 75 இன்ச் சாதாரண கியூஎல்இடி, 65 இன்ச் மினி எல்இடி, 55 இன்ச் ஓஎல்இடி, இந்த மூன்றில் ஒன்று வாங்கலாம் (மூன்றும் மூன்று வகைத் திரை, விவரம் பின்னால் வரும்). எதை எடுப்பது?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்றுதான் என்றால் 65 இன்ச் மினி எல்இடி. ஆனால் அதை உறுதி செய்வதற்கு முன், போன வருட மாடல்களில் லோக்கல் டிம்மிங் (படத்தின் இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்க வைக்கும் வசதி) உள்ள 75 இன்ச் ஏதாவது விலை இறங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். புது வரிசை வரும் சமயத்தில் பழைய வரிசையின் விலையைக் குறைத்து விற்றுத் தீர்ப்பார்கள். படத் தரத்தில் ஒரு வருட வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள்.

ஏன் 75 மேல் இவ்வளவு ஆசை என்றால், சினிமா உணர்வு வருவதே திரை நம் பார்வையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதில்தான். இதற்குத் தொழில்முறைக் கணக்கு உண்டு. திரையின் இரண்டு ஓரங்களும் கண்ணில் சேரும் கோணம் குறைந்தது 30 டிகிரி இருக்க வேண்டும், 40 டிகிரி வரை போகலாம் என்பார்கள். உங்கள் ஒன்பது அடிக்குப் போட்டுப் பார்த்தேன். 55 இன்ச் சுமார் 25 டிகிரி. 65 இன்ச் 29, அதாவது வாசலில் நிற்கிறது. 75 இன்ச் 34 டிகிரி, 85 இன்ச் 38. பத்து இன்ச் தானே என்று நினைக்க வேண்டாம். இந்த இன்ச் எல்லாம் மூலைக்கு மூலை அளப்பது. பரப்பளவில் 75 இன்ச் திரை 65-ஐ விட மூன்றில் ஒரு பங்கு பெரியது. இரண்டு நாள் பழகிய பிறகு "இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கியிருக்கலாமே" என்று சொன்னவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், "பெரிதாகிவிட்டது" என்று சொன்னவர் அபூர்வம்.

அப்படியானால் நேராக அந்த 75 இன்ச் கியூஎல்இடியை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் உங்கள் இருட்டு அறை கணக்கை மாற்றுகிறது.

கூடத்தில் வைக்கும் டிவி பகல் வெளிச்சத்தோடு போட்டி போட வேண்டும். அதனால் அதற்குப் பிரகாசம் முக்கியம். விளம்பரங்களில் 1000 நிட்ஸ், 2000 நிட்ஸ் (நிட்ஸ் என்பது பிரகாசத்தின் அளவு) என்று போடுவதெல்லாம் அதற்காகத்தான் விற்கிறது. உங்கள் அறையில் அந்தப் போட்டியே கிடையாது. திரையரங்கில் டிஜிட்டல் புரொஜெக்டர் காட்டும் முழு வெள்ளையின் அளவு 48 நிட்ஸ்தான். சாதாரண எச்டி படத்தை ஸ்டுடியோவில் 100 நிட்ஸ் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். மலிவான டிவி கூட பெரும்பாலும் இதைவிட அதிகம் தரும். எச்டிஆர் படங்களில் (ஒளிக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சு உள்ளவை) சூரியன், விளக்கு, தீப்பொறி போன்ற சின்னச் சின்ன இடங்கள் பளிச்சென்று தெறிக்க இன்னும் அதிகம் தேவை, அது உண்மை. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 500, 600 நிட்ஸே தாராளம். ஆக, அந்த ஜன்னல் திரை உங்களுக்கு ஒரு நல்ல தொகையை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது. அதைக் கறுப்பில் போடுங்கள்.

கறுப்பு என்று எதைச் சொல்கிறேன்? விளக்கை அணைத்துவிட்டு ஒரு அகலத்திரைப் படத்தைப் போடுங்கள். 2.39:1 விகிதத்தில் எடுத்த படமாக இருந்தால் 75 இன்ச் டிவியில் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் பட்டை காலியாக நிற்கும். நல்ல டிவியில் அந்தப் பட்டை அறையின் இருட்டோடு கலந்துவிடும். டிவி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சுமாரான டிவியில் அதே பட்டை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒளிரும். மூலைகளில் வெளிச்சம் கசிந்து மேகம் மேகமாகத் தெரியும். இரவுக் காட்சியில் நாயகன் காட்டுக்குள் நடந்தால் அவன் சட்டையும் மரமும் வானமும் ஒரே சாம்பலாகிவிடும். கடையில் இதை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே எரியும் விளக்குகளில் எல்லாத் திரையும் கறுப்பாகத்தான் தெரியும்.

இதைத் தீர்மானிப்பவை இரண்டு: படம் தெரியும் தகடான பேனல், அதன் பின்னால் இருந்து ஒளி தரும் பேக்லைட்.

எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், பொதுவாக 1000:1 அளவில் நிற்கும். விஏ பேனல் 3000:1-லிருந்து 5000:1, சிலது அதற்கும் மேல். இருட்டறையில் இந்த வித்தியாசம் எந்தப் படக் கலைஞனின் உழைப்பையும் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். விஏவின் குறை, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஒரே சோபா, நேர் எதிரே டிவி என்றால் அது குறையே இல்லை. பெட்டியின் மேல் எந்தப் பேனல் என்று பெரும்பாலும் போட மாட்டார்கள். அதைவிடச் சிக்கல், ஒரே மாடலில் 65 இன்ச் விஏவாகவும் 75 இன்ச் ஐபிஎஸ்ஸாகவும் இருப்பதுண்டு. 65-க்கு எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு 75-ஐ வாங்கிவிடாதீர்கள். கடையில் செய்யக்கூடிய சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. டிவிக்கு நேராக நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். அப்படியே பக்கவாட்டில் நாலு அடி நகருங்கள். தோல் நிறம் சட்டென்று வெளிறினால் அது அநேகமாக விஏ. அப்படியே இருந்தால் ஐபிஎஸ்ஸாகவோ, அகலக் கோணத்துக்கென்று மேலே தனிப் படலம் ஒட்டிய விஏவாகவோ இருக்கும். பக்கவாட்டிலும் நிறம் மாறவில்லை என்று வழக்கமாக எந்த டிவியைப் புகழ்வோமோ, உங்கள் அறைக்கு அதைத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பேக்லைட் விஷயத்தில் தெளிவாகக் கேள்வி கேளுங்கள். "ஃபுல் அரே லோக்கல் டிம்மிங் இருக்கிறதா, எத்தனை ஜோன்?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விளக்குகளைத் திரையின் ஓரத்தில் வைப்பது ஒரு வகை. பின்னால் பரப்பி வைத்து, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே ஏற்றி இறக்குவது இன்னொரு வகை. கடைப் பேச்சில் 'டைரக்ட் எல்இடி' என்று வருவது பெரும்பாலும் இதுதான், அதை ஃபுல் அரே என்று நம்பி வாங்குபவர்கள் நிறைய. லோக்கல் டிம்மிங் என்பது பின்னால் உள்ள விளக்குகளைப் பகுதி பகுதியாக (இவைதான் ஜோன்) பிரித்து, படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் மங்க வைப்பது. மினி எல்இடியில் விளக்குகள் மிகச் சிறியவை, அதனால் பகுதிகள் நூற்றுக்கணக்கில், விலை கூடிய மாடல்களில் ஆயிரக்கணக்கில் வரும்.

கியூஎல்இடி என்பதும் எல்சிடி டிவிதான். குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அது நிறங்களை விரிவாக்குகிறது. கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்லும் 75 இன்ச் 'சாதாரண' கியூஎல்இடியில் டிம்மிங் இருக்காது என்றே நினைக்கிறேன். அதனால்தான் அதை நான் பின்னுக்குத் தள்ளினேன்.

லோக்கல் டிம்மிங்கிலும் ஒரு குறை உண்டு. இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்தால், எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரியும். என் அறையில் இருப்பது விஏ பேனல், 75 இன்ச், ஜோன்கள் அவ்வளவு அதிகம் இல்லை. மற்ற மொழிப் படம் நிறையப் பார்க்கிற வீடு என்பதால் ஆரம்பத்தில் இது கண்ணை உறுத்தியது. ஸ்ட்ரீமிங் செயலியின் அமைப்பில் சப்டைட்டில் நிறத்தை வெள்ளையிலிருந்து நடுத்தரச் சாம்பலுக்கு மாற்றி, எழுத்தையும் ஒரு அளவு சிறிதாக்கினேன். ஒளிவட்டம் முக்கால்வாசி மறைந்துவிட்டது. கண்ணுக்கும் இதமாக இருக்கிறது. எந்த டிவி வாங்கினாலும் இதைச் செய்துபாருங்கள்.

ஓஎல்இடியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும். ஆகவே கறுப்பு உண்மையான கறுப்பு, ஒளிவட்டம் கிடையாது, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. இருட்டறைக்கு அதைவிட நல்ல படம் வேறில்லை. தடை அளவு ஒன்றுதான். ஒன்பது அடியில் 55 இன்ச் வெறும் டிவியாகவே தெரியும். ஆனால் சோபாவை ஏழு அடிக்கு முன்னால் இழுக்க முடியுமா? முடிந்தால் அதே 55 இன்ச் 32 டிகிரியை அடைத்துவிடும். அப்போது என் பதில் மாறும், ஓஎல்இடியை எடுங்கள். நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடி, அதன் சின்னம் திரையில் பதிந்துவிடுமோ என்ற பயம் படம் மட்டும் பார்க்கும் அறையில் அவ்வளவாகத் தேவையில்லை.

8கே பக்கம் போகவே வேண்டாம். ஒன்பது அடியில் 75 இன்ச் 4கே திரை, பார்வையின் ஒரு டிகிரிக்கு நூற்றுப் பத்துக்கு மேல் பிக்சல்களைத் தருகிறது. நல்ல பார்வை பிரித்தறியும் அளவாகச் சொல்லப்படுவது டிகிரிக்கு 60. 4கேவே தேவைக்கு மேல்.

ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற விஷயம், கவனிக்க வேண்டியதுதான். படங்கள் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 சமமாக வகுபடாது, ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் அது சின்னத் தடுமாற்றமாகத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து முறை வரும். 60 ஹெர்ட்ஸ் டிவிகளிலும் சிலது இதைச் சமாளித்துவிடும், ஆகவே பணம் இடித்தால் இதை விட்டுக்கொடுக்கலாம். கறுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். 'மோஷன் ரேட் 240' என்ற மாதிரி எண்களைக் கணக்கில் எடுக்காமல், பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

எச்டிஆர் வகைகளில், பிரகாசம் குறைந்த டிவிக்கு டால்பி விஷனோ எச்டிஆர்10 பிளஸ்ஸோ இருப்பது நல்லது. காட்சிக்குக் காட்சி ஒளி அளவைச் சொல்லும் தகவல் அவற்றில் கூடவே வருவதால், டிவி தன் சக்திக்குத் தகுந்தபடி படத்தைச் சரிசெய்துகொள்ளும். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ்தான்.

உள்ளே வரும் ஸ்மார்ட் மென்பொருளுக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அது மெதுவாகிப் போனால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும்.

ஒலிக்கு மட்டும் இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். மெலிந்த டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது. பெரிய திரையில் சன்னமான சத்தம் வந்தால் அந்தப் பிரம்மாண்டமே போய்விடும். சவுண்ட்பார் வாங்கும்போது ஈ-ஆர்க் (டிவியிலிருந்து ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஆர்க் இணைப்பின் புதிய வடிவம்) கட்டாயமா என்று பலர் குழம்புகிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் சூழொலி, டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருவது. அதற்குச் சாதாரண ஆர்க் இணைப்பே போதும். புளூ-ரே தட்டில் வரும் தரம் குறையாத ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் ஈ-ஆர்க் வேண்டும்.

"இருட்டறைதானே, புரொஜெக்டர் வாங்கு" என்றும் யாராவது சொல்வார்கள். நூறு இன்ச்சுக்கு மேல் வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் குறைந்த விலைப் புரொஜெக்டரில் கறுப்பு மிகவும் பலவீனம். சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் திரையின் ஒளியே அவற்றில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளுக்க வைக்கும். 75 இன்ச்சில் திருப்தி அடைய முடியும் என்றால் டிவிதான் நிம்மதி.

வாங்குவதற்கு முன் சுவரை அளந்துகொள்ளுங்கள். 75 இன்ச் டிவி சுமார் 166 சென்டிமீட்டர் அகலம். பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்தில் இருக்கும், உங்கள் மேசை அந்த அகலத்துக்கு இருக்கிறதா பாருங்கள். பெட்டி அதைவிடப் பெரியது, மாடிப்படி வளைவில் திரும்புமா என்பதும் முக்கியம், ஏனென்றால் அதைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது. திரையின் நடுப்பகுதி உட்கார்ந்த கண் மட்டத்தை ஒட்டி வரட்டும். சுவரில் உயரமாக மாட்டினால் கழுத்தும் வலிக்கும், விஏ பேனலில் நிறமும் வெளுக்கும். டிவிக்குப் பின் சுவருக்கு மங்கலான நிறத்தில், மினுமினுப்பு இல்லாத பெயின்ட் அடித்தால் பலன் உடனே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பட அமைப்பை மாற்றுங்கள். 'விவிட்' வேண்டாம். படம் எடுத்தவர் நினைத்தபடி காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அது. 2019-இல் அறிமுகமானது, பல நிறுவனங்கள் இப்போது தருகின்றன. இல்லையென்றால் சினிமா மோடு, நிற வெப்பம் 'வார்ம்', ஷார்ப்னஸ் குறைவாக, அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் முழுதாக அணைத்து. முதலில் மஞ்சளாகத் தெரியும். ஒரு வாரம் பொறுங்கள், பழைய அமைப்புக்குத் திரும்ப மனம் வராது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். முழுத் திரையும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும் வீடியோவை ஓட்டி அழுக்குத் திட்டு, செங்குத்துக் கோடு ஏதாவது தெரிகிறதா பாருங்கள். கால்பந்து ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பச்சை மைதானத்தின் மேல் கேமரா நகரும்போது அதே திட்டு தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் விளக்கையெல்லாம் அணைத்து ஒரு இரவுக் காட்சியில் நாலு மூலைகளையும் பாருங்கள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிற குறைக்கு மட்டும் மாற்றிக் கேட்டால் போதும், மூக்கை ஒட்டிப் பார்த்தால் எந்த டிவியும் தேறாது. அதுவரை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை இல்லாமல் அந்த அளவுத் திரையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப முடியாது.