விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள்: இயற்கை அங்காடி நடத்துபவருக்கு ஒரு பதில்

திருச்சியில் சின்னதாக ஒரு இயற்கை அங்காடி நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது: "கடைக்கு வருகிற எல்லாருமே 'நல்ல காரியம் பண்றீங்க' என்று பாராட்டுகிறார்கள், மாப்பிள்ளைச் சம்பா அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், கடைசியில் அரைக்கிலோ நாட்டுச்சர்க்கரையோடு கிளம்பிவிடுகிறார்கள். வெளியே 60 ரூபாய்க்கு அரிசி கிடைக்கும்போது என்னிடம் 110. விலையைக் குறைத்தால் வாங்குவார்களா, இல்லை சான்றிதழ் இருந்தால் வாங்குவார்களா? ஜனங்கள் எதைப் பார்த்துத்தான் ஆர்கானிக் வாங்குகிறார்கள்?"

விலையைக் குறைக்காதீர்கள். குறைந்தபட்சம், முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள்.

"விலை ஜாஸ்தி" என்பது வாய்க்கு எளிதாக வருகிற காரணம், அவ்வளவுதான். "நீங்கள் விற்பது உண்மையிலேயே மருந்தடிக்காததா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? விலை உண்மையிலேயே தடையாக இருக்கிற வீடுகள் நிறைய உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் உங்கள் கடைப் படி ஏறுவதே இல்லை. ஏறி வந்து, அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர் மனதில் ஓடுவது வேறு கணக்கு: இந்த 50 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் நான் நினைக்கிறது எனக்குக் கிடைக்குமா?

அது கிடைத்ததா என்று அவரால் கடைசிவரை தெரிந்துகொள்ளவே முடியாது, சிக்கலே அங்கேதான். தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும், மாம்பழம் இனிக்கிறதா என்று வீட்டுக்குப் போய்க் கடித்தால் தெரிந்துவிடும், ஆனால் அந்தச் செடிக்கு யூரியா போட்டார்களா, எத்தனை தடவை மருந்தடித்தார்கள் என்பது தின்று முடித்த பிறகும் தெரியாது. 1973-லேயே டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இப்படிப்பட்ட பொருள்களையும் சேவைகளையும் தனி வகையாகப் பிரித்து எழுதினார்கள். வாங்குகிறவர் முழுக்க முழுக்க விற்கிறவரின் பேச்சை நம்பித்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பொருளைச் சோதிக்க வழியில்லாதபோது மனிதர்கள் அடையாளங்களைத் தேடுவார்கள். அந்த அடையாளங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

நம் ஊரில் ஓடுகிற அடையாளங்களில் பல தப்பானவை. கத்திரிக்காயில் புழு ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்கிறார்கள். வாராவாரம் மருந்தடிக்கிற தோட்டத்திலும் காய்ப்புழு வரத்தான் செய்கிறது. பருப்பில் வண்டு வந்தால் அசல் இயற்கை என்கிறார்கள். வண்டு வருவதும் வராததும் மூட்டையை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள், புகைமூட்டம் போட்டார்களா என்பதைப் பொறுத்தது, வயலில் என்ன நடந்தது என்று அந்த வண்டுக்குத் தெரியாது. (கடையில் வண்டைப் பார்த்து மெச்சுகிற அதே ஆள், வீட்டு டப்பாவில் வண்டு வந்தால் உங்களுக்கு போன் போட்டுத் திட்டுவார், அதற்கும் தயாராக இருங்கள்.) வெல்லத்தில் இன்னும் வேடிக்கை. ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு மருந்தைப் போட்டு வெளுத்தால்தான் அந்த வெளிர் மஞ்சள் பளபளப்பு வரும், மருந்து போடாத வெல்லம் கறுத்துப்போய்த்தான் இருக்கும். ஆர்கானிக் கேட்டு வருகிறவர்களே "ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு, பழசா?" என்று கேட்டு வெளுத்ததை எடுப்பார்கள். கண் ஒன்று கேட்கிறது, மனம் இன்னொன்று கேட்கிறது. இந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்து விளக்கினால் விற்பனை ஆகும், சும்மா இருந்தால் ஆகாது.

மலிவு விலையும் ஒரு அடையாளம்தான், ஆனால் தலைகீழாக. சாதாரணச் சோப்பில் தள்ளுபடி போட்டால் கூட்டம் வரும். ஆர்கானிக் அரிசியைத் திடீரென்று 75 ரூபாய்க்குக் கொடுத்தால், நேற்று வரை 110-க்கு வாங்கிக்கொண்டிருந்த உங்கள் நல்ல வாடிக்கையாளருக்கே "அப்போ இது அசல்தானா?" என்று தோன்ற ஆரம்பிக்கும். முதலில் குறைக்காதீர்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

சரி, சான்றிதழ்? உதவும், ஆனால் எது, யாரிடம் என்பதைப் பொறுத்து. 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் ஆறு ஐரோப்பிய நாடுகளில் வெவ்வேறு ஆர்கானிக் முத்திரைகளுக்கு மக்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று பார்த்தார்கள். தங்களுக்குப் பழக்கமான, இதன் பின்னால் கடுமையான கண்காணிப்பு இருக்கிறது என்று நம்புகிற முத்திரைக்குத்தான் காசு கூடுதலாக வந்தது. டென்மார்க்கில் அரசு கொடுக்கும் சிவப்பு நிற முத்திரை கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரியும், மொத்த உணவு விற்பனையில் ஆர்கானிக்கின் பங்கு உலகிலேயே மிக அதிகமாக இருக்கிற நாடுகளில் அதுவும் ஒன்று. நம் ஊரில் ஜைவிக் பாரத் என்ற இந்திய ஆர்கானிக் முத்திரையின் லோகோவைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் தெருவில் எத்தனை பேர் சொல்வார்கள்? முத்திரைக்கு முன்னால் அதைப் பற்றிய பழக்கம் வர வேண்டும்.

ஆனாலும் நீங்கள் விற்கிறவர், அதனால் இந்த விவரம் உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இரண்டு வழிகள். ஒன்று 2001-ல் ஆரம்பித்த என்.பி.ஓ.பி. என்ற தேசியத் திட்டம், அபேடா என்ற மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையம் நடத்துகிறது, மூன்றாம் ஆள் வந்து ஆய்வு செய்து சான்று கொடுப்பார்; தமிழ்நாட்டில் இதைச் செய்கிற அரசுத் துறைதான் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. இன்னொன்று பி.ஜி.எஸ்., பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. ஏற்றுமதிக்கு ஆகாது, உள்ளூர் விற்பனைக்குப் போதும், செலவும் குறைவு. இயற்கை முறைக்கு மாறுகிற காலத்தில் பி.ஜி.எஸ். கிரீன், முழுசாக மாறிய பிறகு பி.ஜி.எஸ். ஆர்கானிக். 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த ஆர்கானிக் உணவு விதிமுறைகள் இரண்டையும் ஏற்கின்றன. சிறு விவசாயி தானே விளைவித்ததைத் தானே நேராக விற்றால் சான்று கட்டாயம் இல்லை, ஆனால் லோகோ போடக் கூடாது. இந்தச் சலுகை விளைவிப்பவருக்கானது. நடுவில் கடை வந்துவிட்டால் கதை வேறு, உங்கள் உரிமத்தைக் கொடுத்த உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமே கேட்டுவிடுங்கள். சான்று பெற்ற அரிசி மூட்டையைப் பிரித்து உங்கள் பெயரில் பாக்கெட் போட்டு லோகோ ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

என்னைக் கேட்டால், உங்கள் அளவுக் கடையில் சட்டகம் மாட்டிய சான்றிதழைவிட வேலை செய்கிற ஒன்று உண்டு: எந்த ஊர், எந்த விவசாயி, எத்தனை வருடமாக இப்படிச் செய்கிறார், உரத்துக்கு என்ன போடுகிறார், போன பருவத்தில் பூச்சி வந்தபோது என்ன செய்தார் என்று அரிசிச் சாக்கின் மேலேயே எழுதி வைப்பது. (அவர் சம்மதத்தோடுதான்.) வருடத்துக்கு ஒரு தடவை, நடவு சமயத்திலோ அறுப்பு சமயத்திலோ, ஒரு வேன் பிடித்து வாடிக்கையாளர்களை அந்த வயலுக்குக் கூட்டிப்போங்கள். பத்துப் பேர் வந்தால் போதும், மீதிப் பேரிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். அப்புறம், இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள். "இந்தத் துவரம்பருப்பு சான்று இல்லாதது, எனக்கு நல்ல ஆர்கானிக் பருப்பு இன்னும் கிடைக்கவில்லை" என்று ஒரு பொருளில் எழுதி வைத்தால் மற்ற பொருள்கள் மேல் நம்பிக்கை கூடும்.

அடுத்தது, ஏன் வாங்க ஆரம்பிக்கிறார்கள் என்பது. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் யார் என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2007-ஆம் வருடத்துக் கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. அதில் முதல் காரணமாக வந்தது ஆரோக்கியம், அப்புறம்தான் ருசி, சுற்றுச்சூழல் எல்லாம். வாங்காததற்கு விலை, கிடைக்காமை, முத்திரை மேல் சந்தேகம். நல்லது என்று வாயால் சொல்கிறவர்களுக்கும் பையில் போடுகிறவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதையும் அந்தக் கட்டுரை பேசுகிறது. உங்களைப் பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் அந்த இடைவெளியில் நிற்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் வீட்டில் நடக்கிற ஏதோ ஒன்று. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகி முதல் கூழ் கொடுக்கப்போகிறார்கள், மகள் உண்டாகியிருக்கிறாள், அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார், சொந்தத்தில் ஒருவருக்குப் புற்றுநோய். செய்தியால் வருகிற பயமும் உண்டு. 2015-ல் தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறியில் மருந்து எச்சம் என்று கேரளாவில் பெரிய சர்ச்சை எழுந்தபோது அங்கே பலரும் மாடித்தோட்டம் பக்கம் திரும்பினார்கள். ஆனால் செய்திப் பயம் அடுத்த செய்தி வரும்வரைதான், வீட்டுக் காரணம் நிற்கும். ஆகையால் கடையில் முதல் அலமாரி பொதுவாக 'ஆரோக்கியம்' என்று இருக்க வேண்டாம், குழந்தைக்கு முதல் உணவு என்று ஒரு தட்டு இருக்கட்டும்: ராகி, சத்துமாவுக்குத் தேவையானவை, பனங்கற்கண்டு இல்லாமல். (ஒரு வயது வரைக்கும் இனிப்பே சேர்க்கத் தேவையில்லை.) அந்த அம்மா ராகிக்காக வந்து, ஆறு மாதத்தில் வீட்டுக்கே அரிசி வாங்குகிறவராக மாறுவார்.

ஆரோக்கியம்தான் காரணம் என்றவுடன் பலர் அளந்துவிட ஆரம்பிப்பார்கள், நீங்கள் அனுப்பிய படத்திலும் "சர்க்கரை நோயைக் குணமாக்கும் கருப்புக் கவுனி" என்று ஒரு பலகை தெரிகிறது. எடுத்துவிடுங்கள். கவுனியும் அரிசிதான், அளவு தெரியாமல் தின்றால் சர்க்கரை ஏறும். நோயைக் குணமாக்கும் என்று உணவுப்பொருளை விளம்பரம் செய்வதற்கு 2018-ல் வந்த விளம்பர விதிமுறைகள் இடம் கொடுப்பதில்லை. சத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் நாம் நினைப்பதுபோல் ஒரே பக்கம் சாயவில்லை: 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு, ஆர்கானிக் உணவில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் மருந்து எச்சம் இருக்கும் வாய்ப்பு குறைவு என்றது, 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 343 கட்டுரைகளை அலசி, ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. இரண்டுமே ஒத்துக்கொள்கிற விஷயம் மருந்து எச்சம் குறைவு என்பது. அதை மட்டும் சொல்லுங்கள், அதுவே போதும்.

அதை வைத்துப் பார்த்தால் எந்தப் பொருளை முன்னால் வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும். நம் இயற்கைக் கடைகளில் மரச்செக்கு எண்ணெய், சிறுதானியம், கருப்பட்டி, பாரம்பரிய அரிசி எல்லாம் ஒரே கூடையில் வந்துவிட்டன. இவற்றில் பல, இரசாயன உரம் போட்டும் விளையக்கூடியவை, செக்கில் ஆட்டியதால் மட்டும் கடலை ஆர்கானிக் ஆகிவிடாது. மருந்து எச்சம் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு உண்மையில் வேண்டியது கறிவேப்பிலை, மல்லித்தழை, பச்சைமிளகாய், வெண்டை, கத்திரி, காலிஃபிளவர். தோலை உரித்துவிட்டுத் தின்கிறவை அல்ல, அடிக்கடி மருந்து அடிபட்டு அப்படியே சட்டிக்குப் போகிறவை. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையையும் வெண்டைக்காயையும் ஐரோப்பிய ஒன்றியம் மருந்து எச்சத்துக்காகத் தனிக் கவனத்தோடு சோதிக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொன்னால் அவர் கையிலிருக்கிற கறிவேப்பிலைக் கட்டைத் திருப்பிப் பார்ப்பார். இதில் கூடுதல் செலவும் அஞ்சு பத்து ரூபாய்தான், முதல் தடவை வாங்குகிறவருக்கு மனத்தடை இருக்காது.

காய்கறியில் இன்னொன்று: முடிந்தால் வருடம் முழுக்க ஒரே விலை வையுங்கள். தக்காளி சந்தையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும்போது உங்கள் 50 ரூபாயைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். 2023 ஜூலையில் சந்தை விலை 100-ஐத் தாண்டியதே, அந்த மாதிரி சமயத்தில் நீங்கள் அதே 50-க்குக் கொடுத்தால் அந்த ஒரு மாதம் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற பெயரை எந்த நோட்டீஸும் தராது. விவசாயியோடு முன்கூட்டியே பேசி வைத்தால்தான் இது நடக்கும், விலை ஏறும்போது அவருக்கும் கை அரிக்கும்.

கடைசியாக அரிசி, ஏனென்றால் உங்கள் வருத்தம் அதில்தான். பாரம்பரிய அரிசியை ஒரு தடவை வாங்கிவிட்டு மறுபடி வராதவர்களில் பலரை விரட்டியது விலை அல்ல, சமையல். மாப்பிள்ளைச் சம்பாவைப் பொன்னி மாதிரி கழுவி நேராகக் குக்கரில் போட்டிருப்பார்கள், வேகாமல் நறுக்நறுக்கென்று இருந்திருக்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளியிருப்பார்கள், மாமியார் ஏதாவது சொல்லியிருப்பார். அத்தோடு அந்த அரிசி முடிந்தது. புதுசாகக் கேட்கிறவருக்கு மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி சிவப்பரிசியைக் கொடுக்காதீர்கள், வெள்ளையாக, சாப்பாட்டுக்குப் பழகிய மாதிரி இருக்கும் தூயமல்லி, கிச்சிலிச் சம்பாவில் ஆரம்பியுங்கள். சிவப்பரிசிதான் வேண்டும் என்கிறவருக்கு இட்லிக்கும் கஞ்சிக்கும் கொடுங்கள், ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்கள், எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று பாக்கெட் மேலேயே எழுதுங்கள். கால்கிலோ பொட்டலம் போட்டு வையுங்கள். 27 ரூபாய் சொச்சத்துக்கு ஒரு வேளை சமைத்துப் பார்க்கட்டும். அடுத்த வாரம் அவர் வந்தால் "வாங்குறீங்களா" என்று கேட்க வேண்டாம், "வெந்துச்சா?" என்று கேளுங்கள்.