பழைய பென்ஸ் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, பிற்காலத்தில் கிளாசிக் ஆகும் என்று நம்பி வாங்கலாமா?

எந்த பென்ஸ் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டெல்லிப் பக்கம் 10 வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக் கூடாது என்ற கெடுபிடி வந்த பிறகு, அங்கிருந்து நிறைய சொகுசு கார்கள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. நீங்கள் பார்த்ததும் அப்படி ஒன்று என்றால் விட்டுவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டியாக இருந்தால், அது பழுதாகும்போது பில் லட்சத்தில் வரும்.

கிளாசிக் ஆகும் என்று நான் நம்புவது டபிள்யூ124 என்ற பென்ஸ். ஐரோப்பாவில் 1984-ல் வந்த மாடல். பென்ஸ் கம்பெனி 1995-ல் புனேயில் அசெம்பிள் செய்யத் தொடங்கியதும் இதைத்தான். என்னிடம் இருப்பது அதில் இ220 என்ற பெட்ரோல் வண்டி. செலவைப் பற்றிக் கவலைப்படாமல் செய்த வண்டி இது. அதன் வைப்பரைப் பாருங்கள். ஒரே ஒரு கைதான், ஆனால் வெறும் அரைவட்டம் போடாது. மூலைப் பக்கம் போகும்போது கை நீளும், நடுவில் உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுத்த மூலைக்கு மறுபடி நீளும். ஐப்பசி அடைமழையில் அது வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சரி, வாங்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஜாக்கி போடும் துளைகள் இருக்கும், பிளாஸ்டிக் மூடி போட்டு மூடியிருப்பார்கள். நான்கையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். துரு அங்கேதான் குடியிருக்கும். பட்டி பார்த்து மறைத்த வண்டி என்றால் அங்கே தெரிந்துவிடும். சென்னை போலக் கடற்காற்று அடிக்கிற ஊரில் ஓடிய வண்டி என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

அப்புறம் பானெட்டைத் திறந்து இன்ஜின் ஒயரிங்கை லேசாக வளைத்துப் பாருங்கள். 90களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் ஒயர்களின் மேலுறை இன்ஜின் சூட்டில் காய்ந்து, பழைய அப்பளம் மாதிரி உதிரும். அதனால் இன்ஜின் தாறுமாறாக ஓடினால் பல மெக்கானிக்குகள் சென்சாரை மாற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், குறை போகாது. ஒயரிங் செட் ஏற்கெனவே மாற்றப்பட்டு, பில்லும் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.

ஸ்பேருக்குப் பயப்பட வேண்டாம். 25 லட்சத்துக்கும் மேல் செய்த மாடல், ஜெர்மனியில் இன்னும் பாகங்கள் கிடைக்கின்றன. வாங்கும் விலைக்கு மேல் ஒரு தொகையை முதல் வருட வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். ரப்பர் புஷ், ஹோஸ், டயர் எல்லாம் வயதானதாகத்தான் இருக்கும்.

லாபத்துக்காக மட்டும் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அரசு விதிப்படி விண்டேஜ் அந்தஸ்துக்கு 50 வயது ஆக வேண்டும். 1995 வண்டிக்கு அது 2045. அதுவரை 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. இப்போதுதான் ஆர்.சி. புதுப்பித்த வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.