மூச்சுக் கருவியை எங்கே வாங்குவது?

கேள்வி: ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் தம்பியும் தியோமான் தீவில் ஸ்கூபா முக்குளிப்பின் அடிப்படைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றோம். வாடகைக்குக் கொடுத்த மாஸ்க்கில் நான்கு நாளும் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்ததால், சொந்தமாகக் கருவிகள் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். கலனிலிருந்து மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் என்னும் கருவியின் அதே செட் இணையத்தில் 1,450 வெள்ளிக்கும் (ரிங்கிட்) ஜொகூர் பாருவில் உள்ள கடையில் 1,980 வெள்ளிக்கும் கிடைக்கிறது. கடைக்குப் போய் வருவதற்கே ஒரு நாள் ஆகிவிடும். அதற்கு மேல் 530 வெள்ளியையும் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்: நம் பட்டணத்துக் கடைத்தெருவில் செம்பனைக் குலை வெட்டும் அரிவாளும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் எப்போதும் கிடைக்கும், முக்குளிப்புக் கருவிகள் கிடைக்க மாட்டா. ஆகவே நமக்கு உள்ளூர்க் கடை என்பது ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் கடைதான். கடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை விட, வாங்கிய கருவியைப் பிற்பாடு பிரித்துச் சீர்செய்து தரப்போகிறவர் யார் என்று பார்த்தால், உங்கள் 530 வெள்ளிக் கணக்கு வேறு விதமாகத் தெரியும்.

நிரப்பிய காற்றுக் கலனுக்குள் ஏறத்தாழ 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் இருக்கும். கலனில் பூட்டப்படும் ரெகுலேட்டரின் முதல் நிலை அந்த அழுத்தத்தை, நம்மைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தை விட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும் அளவுக்கு இறக்குகிறது. வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் நிலை அதை நாம் மூச்சு வாங்கும் அளவுக்குத் தணிக்கிறது. இந்த வேலையை எல்லாம் செய்வது சில சிறிய வால்வுகளும் ரப்பர் வளையங்களும்தான். உப்புநீரும் நம் ஊர் வெக்கையும் அவற்றைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும் என்பதால், ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் கொடுத்து அவற்றை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் விதிக்கிறார்கள். அந்த மாற்றுப் பாகங்கள் பெரும்பாலும் அதிகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே அனுப்பப்படுகின்றன. மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடைக்கும் ஏதோ ஒரு வளையத்தைப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

என் நண்பர் ஒருவர் இணையத்தில் இதேபோல் மலிவாக ஒரு ரெகுலேட்டர் வாங்கினார். பொருள் அசல்தான், குறையொன்றும் இல்லை. ஓராண்டு கழித்து அதைச் சீர்செய்யக் கொண்டுபோனபோது, முகப்பில் இருந்தவர் வரிசை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் செட் இந்த நாட்டுக்கான இறக்குமதியாளர் வழியாக வரவில்லை, உத்தரவாதம் செல்லாது, பாகங்களுக்கு முழு விலை கொடுக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். முதல் நாளில் மிச்சமான பணம் இரண்டாவது சீர்செய்தலோடு கரைந்துவிட்டது.

இதனால் இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த 1,450 வெள்ளி விற்பனையாளர் மலேசியாவில் இருக்கிறாரா, அதிகாரம் பெற்ற முகவரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் எழுத்தில் வந்தால் தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டுக் கடை என்றால் இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது வரி: இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உள்ளது, அந்த வரம்பைத் தாண்டிய பொருளுக்குச் சுங்கத்தில் வரி கேட்கப்படலாம். ஆகவே திரையில் தெரிவது கடைசி விலைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, ரெகுலேட்டரைக் கலனில் பூட்டும் இணைப்பு: ஐரோப்பியக் கடைகளில் திருகிப் பூட்டும் டின் (DIN) வகை ரெகுலேட்டர்களே மிகுதி, நம் தீவுகளில் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் யோக் வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பார்க்காமல் வாங்கினால் தீவுக்குப் போன பிறகு அடாப்டர் தேடி அலைய நேரும்.

விலையைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. ஈஎன் 250 என்னும் ஐரோப்பியத் தரக் குறியோடு, 10 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்ற குறிப்பும் சில ரெகுலேட்டர்களில் பொறிக்கப்பட்டிருக்கும். குளிர்நீரில் உறையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அவற்றில் இல்லை என்பதே அதன் பொருள். தியோமானில் நீரின் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அந்த எளிய வகையே உங்களுக்குப் போதும்.

மாஸ்க் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். உங்கள் முகத்தின் அளவு எந்த இணையப் பக்கத்துக்கும் தெரியாது. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். குனிந்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு காற்றுக்குழாயின் வாய்ப்பகுதியைக் கடித்தபடி அதையே மறுபடி செய்து பாருங்கள், ஏனெனில் வாய் திறக்கும்போது கன்னத்தின் வடிவம் மாறிவிடும். உங்கள் தம்பி மீசை வைத்திருந்தால், மூக்கின் அடியில் ஒரு கோடு அளவுக்காவது மழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மீசையா மாஸ்க்கா என்பதை அவர்தாம் முடிவு செய்ய வேண்டும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த ஒரு மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் பனிமூட்டம்தான் தெரியும்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸுக்கும் இதே விதி பொருந்தும். நீருக்குள் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், விளக்கு, பை போன்றவற்றை உள்நாட்டு உத்தரவாதம் இருந்தால் இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் பத்து மாஸ்க்குகளை மாட்டிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து கைப்பேசியில் அதையே வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இணைய விலையைக் காட்டி நேரடியாகவே கேளுங்கள். இருவருக்கும் சேர்த்து மாஸ்க், ஃபின்ஸ், ரெகுலேட்டர் என்று மொத்தமாக வாங்கும்போது குறைத்துக் கொடுக்கக்கூடிய கடைகள் உண்டு. முதல் சீர்செய்தலையாவது இலவசமாகக் கேட்கலாம்.

தகராறு வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இணைய விற்பனைக்கும் பொருந்தும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள், 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். ஆனால் எதிர்த்தரப்புக்கு இந்த நாட்டில் ஒரு முகவரி இல்லையென்றால் அந்த 5 வெள்ளியால் பெரிதாகப் பயன் இராது. பற்றுச்சீட்டையும் விற்பனையாளருடன் நடந்த உரையாடலின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) பத்திரப்படுத்தி வையுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய காற்றுக் கலன் ஒன்றும் ரெகுலேட்டர் ஒன்றும் சேர்த்து 900 வெள்ளிக்கு முகநூலில் வந்துள்ளன. வாங்கலாமா? (லாபிஸ் வாசகர்)

பதில்: கலனை விட்டுவிடுங்கள். முக்குளிப்புப் பயணக் கட்டணத்தில் கலனும் நிரப்பிய காற்றும் பொதுவாகச் சேர்ந்தே வரும். லாபிஸில் அதை நிரப்ப இடம் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைச் செலவும் உங்கள் தலையில் விழும். ரெகுலேட்டரை மட்டும் தனியாகக் கொடுப்பார் என்றால், நேரில் போய் முதல் நிலையின் தூசி மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் சிறிய உலோக வடிகட்டியைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பிறகு மூடியை மறுபடி இறுக்கி, வாய்ப்பகுதியைக் கடித்து மூச்சை உள்ளிழுங்கள். சிறிதும் காற்று வரக்கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இரண்டிலும் தேறினாலும், முழுச் சீர்செய்தலுக்கு ஆகும் செலவை அதிகாரம் பெற்ற நிலையத்தில் விசாரித்து, அந்தத் தொகையைக் கழித்த பிறகே விலை பேசுங்கள்.