பிராம்லி ஆப்பிள் ஏன் சமையலுக்கே பயன்படுகிறது? அதில் சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுபானம்) தயாரிக்கலாமா? ஒரு மரம் நட்டால் காய்க்குமா?

பச்சையாகக் கடிக்க முடியாத அளவுக்குப் புளிக்கும் பிராம்லிக்கு இங்கிலாந்துச் சமையலறைகளில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணமே அந்தப் புளிப்புதான். சாப்பிடுவதற்கென்று வளர்க்கும் இனிப்பு ஆப்பிள்களை வேகவைத்தால் சுவை மங்கி, வெறும் இனிப்பே எஞ்சும். பிராம்லியிலோ மாலிக் அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு என்பதால், வெந்து குழைந்த பிறகும் ஆப்பிளின் சுவை எடுப்பாகத் தெரியும்.

இங்கே அக்டோபர் பிறந்தாலே நான் விரும்பிச் செய்வது, பழத்தை முழுதாகச் சுடுவதுதான். நடுப்பகுதியை விதையோடு குடைந்தெடுத்து, அந்தக் குழியில் உலர்திராட்சையும் பழுப்புச் சர்க்கரையும் சிறிது வெண்ணெயும் அடைத்து, பழத்தின் நடுவே தோலைச் சுற்றிலும் கத்தியால் மெல்லக் கீறிவிட்டு, 180 டிகிரி சூட்டில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓவனில் வைப்பேன். கீறாமல் வைத்தால் தோல் கண்ட இடத்தில் வெடித்துவிடும். கீறியிருந்தால் அந்தக் கோட்டின் வழியே சதை வெண்ணுரையாகப் பொங்கி வரும்.

நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரம்தான் இந்த வகைக்கு மூலம். 1846இல் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி, 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சிகள் கேட்டபோது, பழத்துக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். விதைத்தவளின் பெயர் பழத்தில் இல்லாமற்போனது எனக்கு இன்றும் வருத்தமே.

சைடர் தாராளமாகத் தயாரிக்கலாம். ஆனால் மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட், ஹெர்ஃபோர்ட்ஷயர் பகுதிகளின் சைடருக்குக் கனம் தருவது டாபினெட் போன்ற சைடர் ஆப்பிள் வகைகளில் உள்ள துவர்ப்பு; பிராம்லியில் அது மிகக் குறைவு. தனியாகப் புளிக்கவைத்தால் மெலிந்த, கூர்மையான பானமே கிடைக்கும் என்பதால், இனிப்பும் துவர்ப்பும் உள்ள பழங்களின் சாற்றோடு கலப்பதே நல்லது. கென்ட் முதலிய கிழக்கு மாவட்டங்களில் சமையல் ஆப்பிளையும் சாப்பிடும் ஆப்பிளையும் சேர்த்துப் பிழியும் வழக்கம் நெடுநாளாக உண்டு.

மரம் நடுவதாக இருந்தால் ஒன்று போதாது. பிராம்லி மும்மடிய வகை, அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்டது. அதன் மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. எனவே அதே பருவத்தில் பூக்கும் வெவ்வேறு வகை மரங்கள் இரண்டு அருகில் இருந்து, பிராம்லிக்கும் ஒன்றுக்கொன்றும் மகரந்தம் தந்தால்தான் மூன்றும் நன்றாகக் காய்க்கும்.