மனச்சிதைவு வந்தவர் பத்து வருடம் கழித்து எப்படி இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தம்பிக்கு 22 வயது, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது, இனி வேலை, கல்யாணம் எல்லாம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரை மட்டும் பார்த்து அப்படி அறுதியிட்டுச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அதைக் காட்டாது. முதல் வருடத்திலேயே "இனித் தேறமாட்டான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் அண்ணனைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. யாரும் பேசாதபோதும் அவருக்கு இன்றும் காதில் குரல் கேட்கிறது. மாத்திரையால் தணிந்ததே தவிர நிற்கவில்லை. ஆனால் சம்பா அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும்போது மூட்டைக் கணக்கு அவர் பொறுப்பு. ஒன்றுகூடப் பிசகாது. குரல் அடியோடு நின்ற பிறகும் திண்ணையை விட்டு எழ மனம் வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். நோய்க்குறி, வேலை, உறவு மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. அதனால் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதல்முறை நோய் கண்ட 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. தற்கொலையால் இழந்தவர்களும் அவர்களில் உண்டு; சாவைப் பற்றித் தம்பி பேசினால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

திடீரென்று தொடங்கிய நோய், மெல்ல மெல்லப் பிடித்ததைவிடப் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறது. முன்பு படிப்பும் நண்பர்களுமாக இருந்தவருக்கும் வாய்ப்பு அதிகம். இவை நம் கையில் இல்லை. சிகிச்சை தொடங்கத் தாமதிக்காமல் இருப்பது, மாத்திரையை விடாமல் பார்ப்பது, கஞ்சா அண்டாமல் காப்பது, வீட்டில் ஓயாமல் குறை சொல்லாமல் இருப்பது, இவை நம் கையில் இருக்கின்றன. தேறிவிட்டான் என்று நாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம்.

திருச்சிக்குப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வேண்டும் என்று அம்மா விரும்பினால் தடுக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த 48 நாள் தைரியம் கொடுத்தது. மாத்திரைப் பையும் கூடவே போகட்டும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். மாத்திரை அங்கே இலவசம்.