சிங்கப்பூர் வெக்கையிலும் பச்சிளம் குழந்தைக்குக் குளிருமா? பால் ஊறும் வரை என்ன கொடுப்பது?

குளிரும். வெளியே 32 டிகிரி அடித்தாலும் பிரசவ அறையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. ஈரம் காயும்போது உடல் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்கு முடியாது. கழுத்தைச் சுற்றியும் தோள்களுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அதில் ரத்தத்துச் சர்க்கரை கரையும். சர்க்கரை இறங்கினால் குழந்தை சோர்ந்து தூங்கும், சப்பாது. சப்பாவிட்டால் இன்னும் குளிரும். அதனால்தான் சூட்டையும் பாலையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிறந்ததும் தலைமுடி உட்பட நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட வேண்டும். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, மேலே உலர்ந்த போர்வை. மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது 1 மணி நேரம். எடை பார்ப்பது பிறகு ஆகட்டும். சிசேரியன் என்றால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வையுங்கள். அம்மாவுக்கு முடியாதபோது அப்பாவின் மார்பும் போதும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குழந்தை நாக்கை நீட்டும், கையைச் சப்பும், மார்பைத் தேடும். அழும் வரை காத்திருக்காதீர்கள். காம்பு மட்டும் வாயில் போனால் புண்ணாகும், பாலும் சரியாக வராது. கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போய், முகவாய் மார்பில் பதிய வேண்டும்.

"பாலே இல்லை" என்று முதல் நாளே பயப்பட வேண்டாம். ஒரு வேளைக்குச் சில மில்லி சீம்பாலே போதும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை ஊட்டினால் 2 முதல் 4 நாளில் பால் பெருகும். சப்பாத குழந்தைக்குக் கையால் பீய்ச்சிக் கரண்டியில் கொடுங்கள். பாட்டிமார் ஆசையாகச் சேனை வைக்க, அதாவது நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கக் கேட்பார்கள், தயவுசெய்து வேண்டாம். தேன் 1 வயது வரை ஆகவே ஆகாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

முதல் குளியல் 24 மணி நேரம் கழித்து. கை கால் சில்லென்று இருப்பது வழக்கம்தான், மார்பையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி சரி. குறைந்தால் மறுபடி மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். ஏறாவிட்டாலோ, குடிக்காமல் துவண்டாலோ, 38 தொட்டாலோ உடனே மருத்துவமனை.

இன்னொன்று: அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.