பாலாற்றை விடுங்கள், கிணற்றைப் பிடியுங்கள்
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை பதிலளிக்கிறார்

பேராசிரியர் அம்மாவுக்கு வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ‘பாலாற்றுப் படுகையில் குரோமியம் மாசு’ என்று ஆய்வு செய்யக் கல்லூரியில் அனுமதி வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவி, குடியாத்தம்

தலைப்பை வெட்டுவதிலிருந்து தொடங்குங்கள். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து வயலூரில் கடலைத் தொடும் ஆற்றை ஒரு கோடை விடுமுறைக்குள் யாராலும் ஆராய முடியாது. அட்டையில் அச்சிட அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது குரோமியம். பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஆலைகளில் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் என்ற வடிவம். நடுநிலை நீரில் அது கரைந்து நிற்காமல் படிந்துவிடும். அதனால் ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றில்கூட அது சிக்காமல் போகலாம். ஆறு இணைதிறன் கொண்டதுதான் நீரோடு ஓடும், நஞ்சும் அதிகம். ஆனால் இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சிறிய அளவைத் தேடுகிறவருக்குக் கண்ணாடிக் குடுவையே எதிரியாகிவிடும். நம் கல்லூரிகளில் குடுவைகளை எதில் கழுவுகிறார்கள்? குரோமிக் அமிலத்தில்! அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல நீரில் இறங்கும். ஆய்வேட்டில் கிணற்றின் மேல் விழுகிற பழி உண்மையில் கழுவுதொட்டியுடையது. இப்படிப்பட்ட ஆய்வேடுகளுக்கு மதிப்பெண் போட வேண்டிய கொடுமை எனக்கு நேர்ந்திருக்கிறது. குரோமியம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், நைட்ரிக் அமிலத்தில் கழுவிய புதுக் குடுவைகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

என்னைக் கேட்டால், உப்பில் இருக்கும் குளோரைடை எடுங்கள். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டித்தான் ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஊறல் தொட்டியில் அலசும்போது அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டுவந்தாலும் அதன் அளவு மாறாது. ப்யூரெட் என்னும் அளவுக் குழாய், வெள்ளி நைட்ரேட், நிறம் மாறிக் காட்டும் சுட்டிக்காட்டியாகப் பொட்டாசியம் குரோமேட் இருந்தால் போதும். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரிலும் ஒருமுறை செய்து அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுட்டிக்காட்டியும் ஆறு இணைதிறன் குரோமியம்தான். மாசை அளக்கிறேன் என்று அதைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஆலைகளை ஒட்டிச் சில கிணறுகள், அதே மண்வாகில் ஆலைக் கழிவே எட்டாத சில கிணறுகள், இரண்டிலும் தண்ணீர் எடுங்கள். இரண்டாவது வகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உப்பு நிலத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று யாராவது கேட்டால் அப்போது விழிப்பார்கள்.

மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். உதவித்தொகையோடு கோடை ஆய்வு கிடைக்குமா?
– ஒரு தந்தை, காட்பாடி

கிடைக்கும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. விண்ணப்பத்தைக் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே கேட்டுவிடுவார்கள். ஏப்ரலில் நினைவு வந்தால் பயனில்லை. ஆசிரியர் பரிந்துரையும், எதை ஏன் ஆராய விரும்புகிறார் என்று மாணவரே எழுதிய குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

போன மே மாதம் கல்லூரிப் பிள்ளைகள் என் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனார்கள். முடிவு என்னவென்று யாரும் வந்து சொல்லவில்லை. இந்த ஆண்டும் வருகிறார்களாம். கொடுக்கலாமா?
– ஒரு விவசாயி, வாலாஜாபேட்டை

உங்கள் கோபம் நியாயமானது. தண்ணீர் உங்களுடையது, பட்டம் அவர்களுடையது என்றால் எப்படி?

ஆனாலும் கொடுங்கள். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டதென்று வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. யாரோ வயல் வயலாக நடந்து அளந்ததால் வந்த கணக்கு அது. அந்த வேலைக்குத் தண்ணீர் தர மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒரு நிபந்தனை வையுங்கள்: முடிவைத் தமிழில், ஒரு தாளில், துறைத்தலைவர் கையெழுத்தோடு கொண்டுவந்து தர வேண்டும். கிணற்றின் ஆழம், மோட்டார் ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் பிடித்தார்கள், தேதி, மூன்றையும் உங்கள் கண்ணெதிரே எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் பாட்டிலை மூடுகிறவர்களுக்கு மோட்டாரைப் போடாதீர்கள்.